சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

என் அக்காள் மகன் தொழிலியல் பயிற்சிக்காகக் கிள்ளானிலிருந்து ஷா ஆலமுக்குத் தினமும் கார் ஓட்டிப் போகிறான். பன்னிரண்டு வருடம் ஓடிய பழைய கார். பி.டி.பி.டி.என். கடனில் மிச்சம் பிடித்த பணத்தையும் பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தையும் போட்டு வாங்கியது. வாங்கிய மூன்றாம் மாதம், ஒரு காலை, போர்ச்சில் இருபது சென் காசு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொட்டு. மறுநாள் அதன் பக்கத்திலேயே இன்னொன்று.

முதலில் போன பட்டறையில் காரைத் தூக்கி, அடியில் விளக்கடித்துப் பார்த்தார்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடம் எண்ணெயில் நனைந்திருந்தது. "பின் சீல் போயிருச்சு. கியர்பாக்ஸை இறக்கணும். ஆயிரம் வெள்ளிக்கு மேல ஆகும்" என்றார்கள். பார்த்த நேரம் ஐந்து நிமிடம்.

"மாமா, காரை வித்துடலாமா?" என்று அன்றிரவு கேட்டான். அடுத்த பருவக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம் அது.

மறுநாள் மேருவில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்குக் கூட்டிப் போனேன். முப்பது வருடமாகக் கார் பழுது பார்க்கும் போர்மன். அவர் காரைத் தூக்கவில்லை. முதலில் பானட்டைத் திறந்தார். எண்ணெயை விரலில் தொட்டு, தேய்த்து, முகர்ந்தார். பிறகு எஞ்சினை மேலிருந்து கீழ்வரை கழுவித் துடைத்துவிட்டு, "ரெண்டு நாள் வழக்கம்போல ஓட்டிட்டு வா தம்பி. அப்புறம் சொல்றேன்" என்றார்.

"இப்பவே தெரியாதா அங்கிள்?"

"இப்ப எல்லா இடமும் எண்ணெய். எது பழசு, எது புதுசுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்த ஒரு கேள்வியில் ஒரு பாடமே இருக்கிறது. கார் வாங்கப் போகிறவர்களும், கார்த் தொழில் படிக்க நினைக்கிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம்.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

மலாயில் "மிஞ்ஞாக் ஹித்தாம்" என்றும் நம் வீடுகளில் கறுப்பெண்ணெய் என்றும் சொல்கிறோமே, அந்த எஞ்சின் எண்ணெய்க்கு நான்கு வேலைகள். உராயும் இரும்புகளுக்கு இடையே மெல்லிய படலமாக நிற்பது, வெப்பத்தை எடுத்துச் செல்வது, கரியையும் அழுக்கையும் சுமந்து வடிகட்டியில் சேர்ப்பது, பிஸ்டன் வளையங்களைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைப்பது.

சிறிய கார்களின் எஞ்சினில் 3 முதல் 4 லிட்டர் வரை எண்ணெய் இருக்கும். ஓடிச் சூடான எஞ்சினில் அதன் வெப்பம் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ். ஒரு பம்பு அதை அழுத்தத்தோடு மேலே ஏற்றுகிறது. வேலை முடித்த எண்ணெய், தன் எடையாலேயே வடிந்து அடியில் இருக்கும் தொட்டிக்குத் திரும்புகிறது.

எஞ்சின் ஒரே வார்ப்பாகச் செய்யப்பட்டிருந்தால் கசிவு என்ற பேச்சே இருக்காது. ஆனால் அது பல துண்டுகளை போல்ட் போட்டுச் சேர்த்த பெட்டி. அதிலிருந்து சுழலும் தண்டுகளும் வெளியே வருகின்றன. எண்ணெய் வெளியேறாமல் காக்க இரண்டு வகைக் காவலர்கள் இருக்கிறார்கள்.

முதல் வகை கேஸ்கட். அசையாத இரண்டு பரப்புகளுக்கு இடையே நசுங்கி உட்கார்ந்திருப்பது. வால்வு மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் பட்டை ஓர் எடுத்துக்காட்டு. இரண்டாம் வகை ஆயில் சீல். சுழலும் தண்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையம். அதன் உள்விளிம்பு மெல்லிய உதடுபோல இருக்கும். அந்த உதட்டைத் தண்டின்மேல் மெதுவாக அழுத்திப் பிடிக்க, உள்ளே ஒரு நுண்ணிய சுருள் கம்பி இருக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது, அந்த உதட்டுக்கு அடியில் தண்டு ஒரு விநாடிக்கு 50 முறை சுழல்கிறது. இத்தனையையும் தாங்குவது சில வெள்ளி விலையுள்ள ரப்பர்.

ரப்பர் ஏன் தோற்கிறது?

அழுத்தினால் நசுங்க வேண்டும், விட்டால் மீள வேண்டும். இந்த மீளும் தன்மைதான் சீலின் உயிர். வெப்பமும் வயதும் அதைத்தான் தின்கின்றன. பல ஆண்டு சூட்டில் கிடந்த கேஸ்கட்டைக் கழற்றி வளைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக்போல விறைத்து, பட்டென்று ஒடியும். நசுங்கிய வடிவத்திலேயே அது தங்கிவிட்டது.

ரப்பர் மீளாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் ஒரு பெரிய விபத்தில் கண்டது. 1986 ஜனவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதறியது. எழுவர் இறந்தனர். ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் அன்றைய கடுங்குளிரில் விறைத்துப் போனதே காரணமாகக் கண்டறியப்பட்டது. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபெயின்மன், அந்த ரப்பரின் ஒரு துண்டைக் கவ்வியில் நசுக்கி, பனிக்கட்டி நீரில் வைத்து எடுத்து, அது உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பாததை எல்லார் முன்னிலும் காட்டினார். அங்கே குளிர், நம் காரில் சூடு. ரப்பர் இழப்பது ஒன்றையே.

அதனால்தான் எந்த இடத்தில் எந்த ரப்பர் என்பதும் முக்கியமாகிறது. நைட்ரைல் என்னும் மலிவான வகை ஏறக்குறைய 100 டிகிரி வரை நீண்ட காலம் தாங்கும். ஃபுளோரோ வகை ரப்பர் 200 டிகிரி வரை தாங்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். அளவு சரியாக இருக்கிறதே என்று கையில் கிடைத்த வளையத்தைப் போட்டால், ஒரு வருடத்தில் மறுபடியும் அதே வேலை.

முதலில், அது எஞ்சின் எண்ணெய்தானா?

காருக்கு அடியில் எது சொட்டினாலும் எண்ணெய் என்று பயப்பட வேண்டாம். இரவில் ஒரு வெள்ளை அட்டையைக் காருக்கு அடியில் விரித்து வையுங்கள். காலையில் நிறத்தையும், விழுந்த இடத்தையும் பாருங்கள்.

தெளிந்த தண்ணீர், மணமில்லை: குளிர்சாதனத்திலிருந்து வடியும் நீர். நம் ஊர் ஈரக் காற்றில் இது இயல்பு.

பழுப்பு அல்லது கறுப்பு, வழவழப்பு: எஞ்சின் எண்ணெய்.

சிவப்பு: பெரும்பாலும் தானியங்கி கியர்பாக்ஸ் எண்ணெய் அல்லது ஸ்டியரிங் எண்ணெய்.

பச்சை, இளஞ்சிவப்பு, இனிப்பான வாடை: ரேடியேட்டர் குளிர்விப்பு நீர்.

வெளிர் மஞ்சள், சக்கரத்தின் அருகே: பிரேக் எண்ணெயாக இருக்கலாம். அந்தக் காரை ஓட்டாதீர்கள்.

பெட்ரோல் வாடை: எஞ்சினை முடுக்கவே வேண்டாம்.

நிறம் ஒரு தடயம் மட்டுமே. சில நிறுவனங்கள் வேறு நிறங்களைப் பயன்படுத்துவதால், வாடையையும் இடத்தையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கழுவு, ஓட்டு, தேடு

இரண்டு நாள் கழித்து மீண்டும் மேருவுக்குப் போனோம். போர்மன் கைவிளக்கையும், நீண்ட கைப்பிடி வைத்த சிறு கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு, எஞ்சினின் உச்சியிலிருந்து ஆரம்பித்தார். வால்வு மூடியின் பின்பக்கம், கண்ணுக்கு நேராகத் தெரியாத மூலையில், ஈரமாக ஒரு கோடு. அது எஞ்சினின் முதுகு வழியாக இறங்கி, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சேர்ந்து, அங்கிருந்து சொட்டியது.

"எண்ணெய் மேலேருந்து கீழே ஓடும். காடி ஓடறப்போ காத்து அதைப் பின்னால தள்ளும். அதனால சொட்டுற இடத்தைப் பார்க்காத. ஈரம் எங்க ஆரம்பிக்குதுன்னு பாரு. அதுக்கு மேல காய்ஞ்சிருக்கணும்" என்றார்.

முதல் பட்டறைக்காரரை நான் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். பின் சீல் கசிந்தாலும் அதே இடம்தான் நனையும். அவர் ஓடையின் முடிவைப் பார்த்தார். இவர் ஊற்றைத் தேடினார். வேறுபாடு ஒரு கழுவலும் இரண்டு நாள் பொறுமையும்.

கண்ணுக்குப் பிடிபடாத கசிவுக்கு வேறு வழியும் உண்டு. எண்ணெயில் சிறிதளவு ஒளிரும் சாயத்தைக் கலந்து, சில நாள் ஓட்டி, புற ஊதா விளக்கில் பார்த்தால் கசியும் இடம் பளிச்சென்று மஞ்சள் பச்சையாக ஒளிரும். துடைத்த பரப்பில் வெள்ளைப் பவுடரைத் தூவி, அது எங்கே முதலில் நனைகிறது என்று பார்ப்பது இன்னும் மலிவான வழி.

வழக்கமான சந்தேகப் புள்ளிகள்

மேலிருந்து கீழாகப் பார்ப்போம்.

வால்வு மூடி கேஸ்கட்: பழைய கார்களில் அதிகம் கசிவது இதுவே. எண்ணெய் சூடான புகைபோக்கிக் குழாய்மேல் விழுந்தால், சிவப்பு விளக்கில் நிற்கும்போது கருகிய வாடை வரும். ஸ்பார்க் பிளக் குழிக்குள் இறங்கினால் எஞ்சின் தடுமாறும்.

கேம் ஷாஃப்ட் சீல், கிரேங்க் ஷாஃப்ட் முன் சீல்: இங்கே கசியும் எண்ணெய் டைமிங் பெல்ட்டை நனைக்கக்கூடும். எண்ணெய் ஊறிய சாதாரண ரப்பர் பெல்ட் சீக்கிரம் கெடும். அது அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். சிறு சீல், பெரிய செலவு.

எண்ணெய் வடிகட்டி: மாற்றும்போது பழைய வடிகட்டியின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்வது உண்டு. அதன்மேல் புதியதை ஏற்றினால் எண்ணெய் கொட்டும். எண்ணெய் மாற்றிய மறுநாளே கசிவு வந்தால், முதலில் இங்கும் அடியிலுள்ள வடிகால் போல்ட்டிலும் பாருங்கள்.

எண்ணெய் அழுத்த சுவிட்ச்: கட்டைவிரல் அளவுள்ள சிறு பாகம். எண்ணெய் அழுத்தம் நேராகப் படும் இடம் என்பதால், கசிந்தால் வேகமாகக் கசியும்.

எண்ணெய்த் தொட்டி கேஸ்கட்: மேலிருந்து வந்த எண்ணெய் எல்லாம் இங்கே சேர்வதால் அடிக்கடி பழி சுமப்பது. மேலே எல்லாம் காய்ந்திருக்கிறது என்று உறுதியான பிறகே இதைச் சந்தேகிக்க வேண்டும்.

கிரேங்க் ஷாஃப்ட் பின் சீல்: எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில் இருப்பது. சீலின் விலை குறைவு, அதை எட்டக் கியர்பாக்ஸை இறக்கும் கூலி அதிகம். உண்மையிலேயே இது கசிந்தால் அந்தச் செலவு நியாயமானதே. கைமுறை கியர் காரில் கிளட்ச் மாற்றும்போது இதையும் சேர்த்து மாற்றினால் இரண்டாவது கூலி மிச்சம்.

வெளியே சொட்டாத கசிவும் உண்டு. போர்ச் சுத்தமாக இருக்கும், ஆனால் எண்ணெய் மட்டம் குறையும், நீலப் புகை வரும். காலையில் முடுக்கும்போது மட்டும் நீலப் புகை வந்து மறைந்தால் வால்வு தண்டு சீல் தேய்ந்திருக்கலாம். வேகம் எடுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் வளையங்களைச் சந்தேகிக்க வேண்டும்.

உள்ளிருந்து தள்ளும் காற்று

கேஸ்கட் கிடைத்துவிட்டது, மாற்றினால் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். போர்மன் இன்னொன்று செய்தார். எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின்மேல் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்தார். காகிதம் படபடவென்று மேலே எழும்பியது.

"நல்ல எஞ்சின்னா காகிதத்தை லேசா உள்ளே இழுக்கணும். இது ஊதுது" என்றார்.

எரியும் வாயுவில் ஒரு சிறு பகுதி, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சினின் அடிப்பகுதிக்கு எப்போதும் நழுவும். அது வெளியேற வழி வேண்டும். பழங்காலக் கார்களில் அது ஒரு குழாய் வழியாகத் தெருவிலேயே விடப்பட்டது. காற்று மாசைக் குறைக்க, 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், அந்த வாயுவை மீண்டும் எஞ்சினுக்கே அனுப்பி எரிக்கும் ஏற்பாடு கார்களுக்கு வந்தது. அதன் வாசல் பிசிவி வால்வு எனப்படும் விரல் அளவுள்ள பாகம்.

அந்த வாசல் கசடால் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம், ஏற்கெனவே தளர்ந்த ரப்பர் எதுவோ அதன் வழியாக எண்ணெயை வெளியே தள்ளும். வால்வை விட்டுவிட்டுக் கேஸ்கட்டை மட்டும் மாற்றினால், அழுத்தம் அடுத்த பலவீனமான சீலைத் தேடிப் போகும். "சீல் மாத்தியும் நிக்கலையே" என்ற புலம்பலுக்குப் பின்னால் இருக்கும் காரணங்களில் இது ஒன்று. வால்வு நன்றாக இருந்தும் எஞ்சின் ஊதினால், வளையங்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று அழுத்தச் சோதனை செய்ய வேண்டும்.

அந்தக் காரில் பிசிவி வால்வைக் கழற்றிக் காதருகே ஆட்டினார். உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டியது, வரவில்லை. கசடில் ஒட்டிக் கிடந்தது.

மாற்றும்போது கவனம்

புதிய கேஸ்கட் போடுவதைவிட, அது உட்காரும் இடத்தைத் துடைப்பதற்குத்தான் அவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பழைய பசையைச் சுரண்ட இரும்புத் தகட்டைத் தொடவில்லை. அலுமினியப் பரப்பில் ஒரு கீறல் விழுந்தால் அதுவே புதிய கசிவுப் பாதை.

போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் முறுக்கினார். வால்வு மூடி போல்ட்டுகளுக்குப் பல கார்களில் 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். அது மணிக்கட்டின் பலம், தோளின் பலம் வேண்டாம். கசிகிறதே என்று இன்னும் முறுக்கினால் மூடி வளையும், ரப்பர் பிதுங்கும், கசிவு கூடும். சரியான அளவை அந்தந்தக் காரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் பார்த்து, அளவுகாட்டும் முறுக்குச் சாவியால் முறுக்க வேண்டும்.

சிலிக்கோன் பசையையும் அவர் மூலைகளில் மட்டும், மணி அளவில்தான் வைத்தார். அள்ளிப் பூசினால், உள்ளே பிதுங்கும் பசை உதிர்ந்து, எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைக்கலாம். அப்போது கசிவு நிற்கும், எஞ்சினும் நின்றுவிடும். கசிவை நிறுத்தும் திரவங்கள் பற்றி நாங்கள் கேட்டபோது, "ரப்பரை ஊத வைக்கும். கொஞ்ச நாள் தாங்கும். கிழிஞ்ச ரப்பரை ஒட்டாது" என்று முடித்துக்கொண்டார்.

கேஸ்கட், பிசிவி வால்வு, கூலி எல்லாம் சேர்த்து இருநூறு வெள்ளியைத் தொடவில்லை.

எப்போது பயப்பட வேண்டும்?

ஒரு கணக்கு. 20 சொட்டு ஏறக்குறைய 1 மில்லிலிட்டர். ஓர் இரவில் 10 சொட்டு விழுந்தால் அரை மில்லிலிட்டர். மாதம் முழுவதும் விழுந்தாலும் 15 மில்லிலிட்டர். இதற்காக உறக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் நின்ற காரின் சொட்டை வைத்து, ஓடும் காரின் கசிவை அளக்க முடியாது. ஓடும்போது சூடும் அழுத்தமும் வேறு. உண்மையைச் சொல்வது எண்ணெய் அளவுக்கோல்தான். பல கார்களில் அதன் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய 1 லிட்டர். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, வாரம் ஒருமுறை பாருங்கள். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். உடனே பட்டறைக்குச் சொல்லுங்கள்.

ஓட்டும்போது சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தால், வீடு பக்கம்தானே என்று ஓட்டாதீர்கள். பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி எஞ்சினை அணையுங்கள். அந்த விளக்கு சொல்வது அழுத்தம் போய்விட்டது என்று. அதற்குப் பிறகு ஓடும் ஒவ்வொரு நிமிடமும் இரும்பு இரும்போடு உராய்கிறது.

ஜாக்கி மட்டும் தாங்கும் காருக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். தாங்கிகள் வைத்த பிறகே நுழைய வேண்டும். பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது. 2005ஆம் ஆண்டின் திட்டமிட்ட கழிவுகள் விதிமுறைகளின்படி அது எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் வரும் கழிவு. சேகரித்து ஒப்படைக்கும் பட்டறையிடம் கொடுங்கள்.

படிப்பாக எடுக்கலாமா?

இந்தத் தேடும் வேலையில் உங்களுக்கு ஆர்வம் வந்தால், அதற்குப் படிப்பும் சான்றிதழும் இருக்கின்றன. தொழிற்கல்லூரிகள், மனிதவள அமைச்சின் ஐஎல்பி பயிற்சிக் கழகங்கள், கியாட்மாரா மையங்கள் ஆகியவற்றில் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகிறது. எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் 1 முதல் 3 வரை மூன்று நிலைகள் கொண்டது. 4ஆம் நிலை திறன் டிப்ளோமா, 5ஆம் நிலை உயர்நிலைத் திறன் டிப்ளோமா. இவற்றுக்குச் சட்ட அடிப்படை 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம். பட்டறையில் ஏற்கெனவே வேலை செய்கிறவர்களும் தங்கள் அனுபவத்தை மெய்ப்பித்து இச்சான்றிதழைப் பெற வழி உண்டு. மேரு போர்மனும் அப்படித்தான் பெற்றார். சட்டமிட்ட சான்றிதழ் அவர் மேசைக்கு மேலே தொங்குகிறது.

புறப்படும்போது என் மருமகன் கேட்டான்: "அங்கிள், அந்தப் பின் சீல்?"

"துடைச்சுவிட்டிருக்கேன். ரெண்டு வாரம் கழிச்சு வா, பார்ப்போம். காய்ஞ்சிருந்தா அதைத் தொட வேணாம்."

இரண்டு வாரம் கழித்துப் போனோம். காய்ந்துதான் இருந்தது. பருவக் கட்டணத்தை அவன் நாள் தவறாமல் கட்டிவிட்டான். போர்ச்சில் விரித்த வெள்ளை அட்டையை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும், பசியாறப் போவதற்கு முன், குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போகிறான்.